இறாக்கைகளுக்குப் பின்னால் போடாத வெளிச்சம்

கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் மூன்றாம் மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த அறையில் விளக்கு அணைந்திருந்தது. துணிக்கட்டுகள் அடுக்கிய இறாக்கைத் தட்டுகளுக்கு மேலாக ஒரு கை எழுந்து இரண்டு தரம் அசைந்தது. விளக்கு எரிந்தது. கை இறங்கியது. தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

பெட்டி தூக்கிக்கொண்டு படியேறி வந்த விற்பனைப் பெண், உள்ளே பார்க்காமலே கேட்டாள்.

“யாருக்கு அக்கா டாட்டா காட்டுறீங்க?”

“ஒன் மாமியாருக்குடி,” என்று இறாக்கைகளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “அவங்கதான் திருப்பிக் காட்டவே மாட்டேங்கிறாங்க.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்கு விளக்குத் திட்டம் போட்டவன் நான்.

சில ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்குக் கண்டிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழைப்பு சுருங்கியபோது, மின்வேலை ஒப்பந்தம் எடுக்கும் என் மச்சானோடு சேர்ந்தேன். அவர் வயர்களைப் பார்த்தார். நான் வரைபடங்களையும் கணக்குகளையும் பார்த்தேன். புடவைக் கடையைப் புதுப்பிக்கும் வேலை வந்தபோது, எரிசக்திச் சிக்கனத்துக்கான கட்டட விதிகளின்படி விளக்குக் கணக்கு வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் கேட்டார்.

விதி சிக்கலானதல்ல. கட்டடத்தின் மொத்தப் பரப்புக்கு இத்தனை வாட் என்று ஒரு மேல் எல்லை உண்டு. அதற்குள் எந்த இடத்துக்கு எவ்வளவு என்று நாமே பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வோர் அறையிலும் அங்கே நடக்கும் வேலைக்குப் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும். சாமான் வைக்கும் அறைக்குக் கொஞ்சம் போதும்; ஆள் நடமாட்டம் இல்லாதபோது விளக்கு தானாக அணையவும் வேண்டும். தையல் வேலைக்கு அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் தேவை.

கடை முதலாளி, பல தலைமுறையாக நகரில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை ஹாஜியார் என்பார்கள். கீழ்த்தளத்துக் கண்ணாடி முகப்பில் கலியாணப் புடவைகள் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்தே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம். அவர் கேட்டபடி விளக்குகளைப் போட்டுக் கணக்குப் பார்த்தபோது எல்லை தாண்டியது. முகப்பில் ஒரு வரிசையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் முகம் சுருங்கும் என்று நானே முடிவுசெய்தேன். மூன்றாம் மாடிப் பின்னறையை வரைபடத்தில் களஞ்சிய அறை என்று குறித்து, அதன் வெளிச்சத்தை எடுத்து முகப்புக்குக் கொடுத்தேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த அறையில் பெரும்பகுதி துணிக்கட்டுகள்தான். கடையில் எல்லோரும் அதை ஸ்டோர் என்றே சொன்னார்கள். ஆனால் அளவெடுக்கப் போன நாளில், கடைசி இறாக்கைக்குப் பின்னால் ஒரு தையல் மெஷினையும் கதிரையையும் நூல்பெட்டியையும் பார்த்திருந்தேன். கதிரையில் ஒரு பெண் இருந்தார். “வாங்க சார்” என்றார். நானும் ஏதோ சொன்னேன்.

ஐம்பது வயது தாண்டியவர். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீடு. பேராதனைக்கு வந்து பஸ் மாறி நகருக்கு வருவார். கடையில் வாங்கும் புடவைகளுக்கு ஓரம் அடிப்பதும் பிளவுஸ்களைத் திருத்துவதும் அவர் வேலை. அன்று நான் படியில் நின்றது, விளக்கு அடிக்கடி அணைகிறது என்று கடையிலிருந்து தகவல் வந்ததால். ஆள் அசைவைப் பார்த்து விளக்கைப் போடும் சென்சர் கதவுக்கு மேலே இருந்தது. இறாக்கைகள் அவரை அதன் கண்ணிலிருந்து மறைத்தன. அவர் கையைத் தூக்கினால்தான் அந்த அறையில் ஓர் ஆள் இருப்பது அதற்குத் தெரியும்.

அணையும் நேரத்தைக் கூட்டிவைத்தேன். ஏணியிலிருந்து இறங்கி, வெளிச்சம் போதுமா என்று கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றிருந்தது எனக்கு.

“லைட் நல்லாத்தாங்க இருக்கு சார். எனக்குத்தான் இப்ப கண்ணு மங்குது.”

உண்மையைச் சொல்ல அந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாயிருந்தது. நான் ஏணியை மடித்தேன்.

அதற்குள் ஒரு பிளவுஸின் ஓரத்தையல் கோணிப்போய், அதைத் தைக்கக் கொடுத்தவர் கீழே வந்து சத்தம் போட்டிருந்தார். ஹாஜியாரும் மேலே வந்து, கண்ணைக் காட்டிக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். கண் கிளினிக்கில் வயதுக்கேற்ற கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். வேறு குறையில்லை என்று அங்கே சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணாடி போட்ட பிறகும் தையல் திருந்தவில்லையே.

இதைக் கேட்டதும் நான் போய் ஒரு மேசை விளக்கு வாங்கினேன். மேசை விளக்கு என் கணக்கில் வராது. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் வெளிச்சம் தரும் அழகான விளக்கு. அதை மெஷினருகே வைத்தபோது அந்தப் பெண் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய நன்றியை வாங்கிக்கொண்டு எப்படி நிற்பதென்று தெரியாமல் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டேன்.

அந்த விளக்குத்தான் காரியத்தைக் கெடுத்தது. அதுவரை அவர் கண்ணைப் பற்றி ஹாஜியாருக்கும் இரண்டொருவருக்கும் மட்டுமே தெரியும். விளக்கு வந்த பிறகு, பாவம், லைட்காரர் ஐயாவே இரங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று கடை முழுக்கப் பேசினார்கள். போதாததற்கு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்புக்கும் கடும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கறுப்பு பிளவுஸ் ஒன்றுக்கு நீல நூல் ஓடிவிட்டது. வாங்கியவர் வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது, ஹாஜியார் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தையலுக்கு நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பிள்ளை வருகிறதாம். மாதம் முடிய அக்காவை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டாராம்.

“என்ன தம்பி செய்ற? மனுஷி நல்லவ. ஆனா கண்ணு சரியில்லயே. நீங்களும் அதப் பாத்துத்தானே மேச லைட் வாங்கிக் குடுத்த?”

என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

“ஹாஜியார், அவங்க கண்ல ஒண்ணுமில்ல. வெளிச்சந்தான் காணாது. முன்னுக்கு லைட் கூட்டுறதுக்காக அந்த ரூமை நான் ஸ்டோர்னு போட்டுட்டேன்.”

அவர் கண்ணாடி முகப்பின் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

“இப்ப முன்னுக்கு எத்தன லைட்ட கழட்டோணும்?”

ஒரு வரிசை என்றேன்.

“ஒரு வரிசையா? இதுக்கா தம்பி இவ்வளவு நாள் பேசாம ஈந்த?”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எந்த முகச்சுருக்கத்துக்குப் பயந்து அறையின் பெயரை மாற்றினேனோ, அது அவர் முகத்தில் வரவே இல்லை. நாவலப்பிட்டிப் பிள்ளையை விற்பனைப் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைக் கீழே கூப்பிட்டு, என்னையே சொல்லச் சொன்னார்.

அந்தப் பெண் உட்காராமல் நின்றபடி கேட்டார். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, அதைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“வீட்ல நல்லாத்தாங்க தெரிஞ்சிச்சு. கடையில தெரியலன்னதும் கண்ணுன்னு நெனச்சேன். லைட்டுன்னு நெனக்கல.”

வீட்டிலிருந்த தையல் மெஷினை மகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அரிசியில் கல் பொறுக்கக்கூட மகள் விடுவதில்லையாம். தினமும் இரண்டு பஸ் ஏறி இறங்குவதையும் இந்த மாதத்தோடு விட்டுவிட வேண்டும் என்று அடம்பிடிக்கிறாளாம்.

“முதலாளி இருக்கச் சொல்றாரு. ஆனா மக விட மாட்டா. நீங்க ஒருக்கா வந்து சொல்லுவீங்களா சார்? நான் சொன்னா நம்ப மாட்டா.”

அந்த வாரமே மச்சான் முகப்பில் ஒரு வரிசையைக் கழற்றினார். கடைசி இறாக்கைக்குப் பின்னால் இரண்டு நீள விளக்குகள் ஏறின. சென்சரை அகற்றி, அந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச் வைத்தோம். வரைபடத்தில் அறையின் பெயரைத் திருத்தினேன். கணக்கு எல்லைக்குள்தான் இருந்தது. முகப்பில் எந்த வரிசை குறைந்தது என்று கேட்டால், எனக்கும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் போனேன். மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணே வந்து காத்திருந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குச் சற்றுத் தள்ளிக் கட்டிய இரண்டு அறை வீடு. வாசல் வெளிச்சத்தில் மெஷினைப் போட்டு மகள் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணைப் பற்றிச் சொல்ல நான் வந்திருக்கிறேன் என்று தாய் சொன்னதும், காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள்.

“நீங்க கண் டாக்டரா?”

“இல்ல. அந்தக் கடையில லைட் போட்ட ஆள்.”

நடந்ததைச் சொன்னேன். வாட் கணக்கும் விதியும் ஆர்க்கிடெக்டிடம் பேச உதவும். இங்கே அவற்றை இழுக்கக் கூச்சமாக இருந்தது. கடைக்கு முன்னால் பளிச்சென்று தெரிவதற்காகப் பின்னால் குறைத்தேன், அம்மாவின் கண்ணில் பிழையில்லை, இப்போது விளக்குப் போட்டாயிற்று என்று மட்டும் சொன்னேன். அவள் ஊசியிலிருந்து துணியை விலக்கிவிட்டுக் கேட்டாள்.

“அம்மா அங்கதான் ஒக்காந்து தைக்கிறாங்கன்னு ஒங்களுக்கு அப்ப தெரியாதா?”

எனக்கு முன் தாய் பதில் சொன்னார்.

“சாருக்கு எப்படிடி தெரியும்? அவரு எத்தன கட்டடத்தப் பாக்கிறாரு.”

அப்படியே விட்டிருக்கலாம். மகள் அதை நம்பவும் தயாராக இருந்தாள்.

“தெரியும்,” என்றேன். “அளவெடுக்க வந்த அன்னைக்கே பாத்தேன்.”

தாய் கீழே கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டார். மகள் என்னைத் திட்டவில்லை. தாயின் பக்கம் திரும்பி, நாளைக்கு முதல் பஸ்ஸுக்கா, அடுத்த பஸ்ஸுக்கா எழுப்ப வேண்டும் என்று கேட்டாள்.

முதல் பஸ்ஸுக்கு என்றார் தாய். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.