அண்ணன் போட்ட லைட்டு

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், கக்கூசுக்கு இறங்கும் படியில், ஒருநாள் பொழுது சாய்ந்ததும் பல்பு ஒன்று எரிந்தது. யார் மாட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. வீரம்மாவுக்கு மட்டும், வயரைச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புருஷன் செத்த பிறகு கைப்பிள்ளையோடு இருட்டுக்குப் பயந்து கிடந்தவள் அவள். கண்டியில் வயரிங் வேலை பார்த்த அண்ணன் இராமகிருஷ்ணன், அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் வந்து மாட்டிவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போயிருக்கிறான். அடுத்த முறை வந்தபோது கேட்டாள்.

"என்னா லைட்டு?" என்றான்.

பின்னாளில் தன் பெண்சாதி தவமணியின் கழுத்தை நெரித்ததும் அதே கைதான். இந்த இரண்டையும் வீரம்மாவின் மனசு இன்றுவரை சேர்த்துப் பார்க்க மறுக்கிறது.

அவன் குடிக்கிறவன் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. தவமணி துணிக்கடையில் வேலை விட்டு வரும்போது, பஸ் நிற்கிற இடத்தில் குடையோடு காத்து நிற்பான். வீட்டு வாசலிலும் பெரிய லைட்டு ஒன்று போட்டான்.

"ஒங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு மதினி," என்றாள் வீரம்மா ஒருமுறை.

"ஆமா, எனக்கு இருட்டே கெடையாது," என்று தவமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்போது விளங்கவில்லை.

சம்பளம் போதும் என்று அவளைக் கடையிலிருந்து நிறுத்தினான். ரோடு சரியில்லை என்று கம்பளையிலிருந்த தாய் வீட்டுப் போக்குவரத்தைக் குறைத்தான். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் ஒன்று வைத்திருந்தான். கடைசியில் ஒருநாள், தாய் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் பையைத் தூக்கினாள். அந்த வாசல் லைட்டை அவள் தாண்டவில்லை.

அவனுக்கு ஆயுள் தண்டனை. வருஷங்கள் ஓடின. வீரம்மாவின் மகள் யோகமலர் வளர்ந்து பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் மோகனதாஸ் அவளைப் பெண் கேட்டு வந்தான். லயமே மெச்சிய மாப்பிள்ளை. வீரம்மாவுக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ முள். என்ன முள் என்று சொல்லத் தெரியாமல், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று சிறைக்குப் போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் மெலிந்திருந்தான்.

"மாப்ள எப்படி?"

"தங்கமான பொடியன் அண்ணே. ஒங்களவிட தலையில முடி இருக்கு."

அவன் மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்தான்.

"புள்ள வேல விடுற நேரம் ஃபேக்டரி வாசல்ல வந்து நிப்பாரு. மழன்னாலும் நிப்பாரு."

சிரிப்பு நின்றது. "புள்ள வரப் பிந்துனா?"

போன வாரம் திடீரென்று ஓவர்டைம் வந்த நாள் வீரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "அவருக்கு என்ன சொல்றதுன்னு அடுப்படியில நின்னு தனக்குத்தானே சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தா."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தவமணியும் இப்படித்தான் வார்த்தையத் தேடுவா. பொய்யத் தேடுறான்னு நெனச்சேன். பயந்துக்கிட்டுத் தேடுறான்னு எனக்குத் தெரியல." தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. தெரிஞ்சிச்சு, தங்கச்சி. அது எனக்கு நல்லாவும் இருந்திச்சு."

"எனக்கும் லைட்டு போட்டீங்களே அண்ணே."

"ஒனக்குப் போட்டுட்டு நான் போயிட்டேன். அங்க போட்டுட்டு, உள்ள ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டாள், மாப்பிள்ளையைக் கண்டால் பயமா என்று. யோகமலர் உடைந்து அழுதாள். "நீயா கேட்டுட்டம்மா," என்றாள்.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல, வீரம்மாவும் யோகமலரும், அவளோடு தைக்கிற பெண்கள் ஐந்தாறு பேரும், மோகனதாஸை வரச்சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் கோயில் வாசலுக்குப் போனார்கள். அவன் யோகமலரை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் நல்லவனா கெட்டவனா என்று வீரம்மாவுக்கு இன்றும் தெரியாது. அதன் பிறகு பல மாதங்கள் யோகமலர் அந்தப் பெண்களோடுதான் பஸ் ஏறினாள், இறங்கினாள்.

அந்த மழைக்காலத்திலேயே இராமகிருஷ்ணன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். கண்டிக் கோயிலில் மதினிக்கு ஒரு விளக்கு ஏற்றி வந்தவள் இப்போது இரண்டு ஏற்றுகிறாள். அருகருகே வைப்பதில்லை. ஒன்றை இந்தத் தூணடியில் வைத்தால் மற்றதை அந்தத் தூணடிக்குக் கொண்டுபோவாள். அப்படி நடக்கும்போதெல்லாம், அன்று சிறையில் நேரம் முடிந்து மணியடித்து அவள் எழுந்தபோது வலைக்குப் பின்னாலிருந்து அவன் கூப்பிட்டுச் சொன்னது காதில் கேட்கும்.

"வேணாம்னு சொல்லப் போற அன்னிக்குப் புள்ளயத் தனியா விட்டுறாத. சொல்லிட்டு வந்த பொறகும் விட்டுறாத. தவமணி தனியாத்தான் சொன்னா."