கன்னம் மாற்றிய பாட்டு

பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "உங்க வாழ்க்கையச் சொல்ற மாதிரி ஆளுக்கொரு பாட்டுப் போடுங்கடி." பத்து நிமிடத்தில் பாட்டாக வந்து விழுந்தது. புருஷனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள் காதல் பாட்டுப் போட்டாள். நான் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இவள் எதற்கு இப்போது இதைக் கேட்கிறாள்? யாராவது கேட்கச் சொன்னார்களா? பழசு எதையாவது கிளறப் பார்க்கிறாளா?

சிரிக்காதீர்கள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பெருமாட்டியில், பால் சொசைட்டியில் பால் பார்க்கிற வேலை. பச்சைப் பாலும் சாணமும் ஈரச் சிமெண்டுத் தரையும் சேர்ந்த ஒரு வாசனை உண்டே, இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் என் கை லாக்டோமீட்டரைத் தேடும். பாலில் விட்டால் அந்தக் கண்ணாடிக் குழல் மிதக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கீழே இறங்கிவிடும். எனக்கு அதுகூட வேண்டியதில்லை. கேனை நீட்டுகிறவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் போதும், அன்றைக்குப் பாலில் தண்ணீர்தான்.

அது காலர் ட்யூன் காலம். யாரைக் கூப்பிட்டாலும் மணிச் சத்தத்துக்குப் பதிலாக அவர் வைத்த பாட்டு நம் காதில் கேட்கும். ஊரையே ஏய்க்கிற தேங்காய் வியாபாரிக்கு உருக்கமான பக்திப் பாட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் வைத்த பாட்டு நமக்குக் கேட்காது, கூப்பிடுகிறவருக்குத்தான். பிடித்திருந்தால் ஸ்டாரையும் ஒன்பதையும் அமுக்குங்கள், உங்களுக்கும் இதே பாட்டு என்று நடுவில் ஒரு பெண்குரல் ஆசை காட்டும்.

இடுக்கி மலையில் கம்பம்மெட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்குச் சினை ஊசி போட வந்திருந்தார். ஊர் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டது. மாடு சினைக்குக் கத்தினால் சொசைட்டியில் வந்து சொல்வார்கள்; நான் அவருக்குப் போன் போடுவேன். அவர் வைத்திருந்த பாட்டு, யாரையும் நம்பாமல் ஒற்றையில் நடந்து போகிற ஒருத்தனைப் பற்றியது. தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். அட, இது நானல்லவா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வரி போவதற்குள் டாக்டர் எடுத்து, "சொல்லுங்க, எந்த வீட்டு மாடு?" என்பார். மூன்றாவது வரியைக் கேட்க விட்டதே இல்லை அந்த மனுஷன். என்ன பாட்டு என்று விசாரிக்கவும் கூச்சம். ஒருநாள் துணிந்து ஸ்டாரையும் ஒன்பதையும் அமுக்கிவிட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கொல்லங்கோட்டு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அவர் தினமும் கூப்பிடுவார். இரண்டாவது மணிக்கே எடுத்து, "சொல்லுங்க" என்பேன். "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிடுவார். சும்மா யாராவது கூப்பிடுவார்களா? நான் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறேனா என்று வேவு பார்க்கிறார், வேறென்ன!

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேலுச்சாமியண்ணன் கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருக்கிறதென்று நான் திருப்பி அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வரிசையில் இருபது பேர் நிற்க, சத்தமாகக் கேட்டார்: "ஏன் அம்மிணி, டாக்டருக்குப் போன் போட்டாலும் அந்தப் பாட்டு, உனக்குப் போட்டாலும் அதே பாட்டு. இதுல என்ன கலந்திருக்குதுன்னு உன்ற குழாய விட்டுப் பாக்கலாமா?" வரிசை மொத்தமும் சிரித்தது. அளந்த பாலைக் கீழே கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் என் சொந்த அண்ணன் முன்னால் நின்றேன். "கொல்லங்கோட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா கல்யாணம் நின்னு போயிரும். நெசத்தச் சொல்லு. நீயா வெச்சயா, தானா வந்துச்சா?"

நிஜத்தை எப்படிச் சொல்வது? பாட்டு என்னைப் போல இருந்தது, அதனால் வைத்தேன் என்றால் யார் நம்புவார்? இன்னொரு பெண் அப்படிச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். "பேசீட்டிருக்கறப்ப கன்னம் பட்டு நம்பர் அமுங்கி மாறிப்போச்சுங்ணா" என்றேன். அண்ணன் பெருமூச்சு விட்டார். ஊர் முழுக்க அதையே சொன்னார். ஊரும் நம்பியது. இத்தனை பேர் பொய்யைப் பிடித்தவள் சொன்ன பொய்யை ஒருவர்கூடப் பிடிக்கவில்லை.

பாட்டை அன்றே எடுத்துவிட்டேன். அதன்பின் மாப்பிள்ளையின் போன் குறைந்தது. பார்த்தாயா, வேவு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து ஒரு மாட்டுக்காக டாக்டரைக் கூப்பிட்டால், அங்கேயும் பாட்டு இல்லை. வெறும் மணி. "சொல்லுங்க, எந்த வீட்டு மாடு?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டை எனக்காக எடுத்தாரா, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து எடுத்தாரா? நான் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மாற்றலாகி இடுக்கிப் பக்கமே போய்விட்டார். ஒரு மனிதரிடமிருந்து அவருடைய பாட்டைப் பிடுங்கிவிட்டோமே என்று இன்றும் உறுத்துகிறது.

தோழி கேட்டதை நேற்றுக் காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "அந்தப் பாட்டயே போடு" என்றார்.

"எந்தப் பாட்டுங்க?"

"நீ கன்னத்துல மாத்துனயே, அது. ஸ்டாரு இந்தக் கடைசி, ஒம்போது அந்தக் கடைசி. உன்ற கன்னத்துக்கு எத்தன வெரலு புள்ள?"

இத்தனை வருஷம்! "அப்பவே தெரியுமுங்களா?"

"வேலுச்சாமியண்ணன் எங்கூட்டுக்கே வந்து சொன்னாரே."

"பின்ன ஏனுங்க கட்டிக்கிட்டீங்க?"

"ஏன், ஒரே பாட்டு ரெண்டு பேருக்குப் புடிக்கக் கூடாதா? எனக்குந்தான் புடிச்சுது. அதக் கேக்கறதுக்குத்தான தெனமும் கூப்புட்டேன். நீதான் ஓடி வந்து எடுத்துப்போடுவ. அப்பறம் பாட்டயும் எடுத்துட்ட."

அடுத்த வரி தெரியுமா என்று கேட்டேன். அவருக்கும் இரண்டு வரிதான் தெரியும். அவர் முனக, நான் முனக, அங்கேயே நின்றுவிட்டது. பாட்டின் பெயர் இரண்டு பேருக்கும் தெரியாது. முழுதாகத் தெரிந்தவர் எந்த மலையில் இருக்கிறாரோ.

குழுவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மத்தியானம் அவர் தோப்பில் இருந்தபோது போன் போட்டேன். இப்போது பாட்டெல்லாம் ஏது, வெறும் மணிதான். அதையே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள?" என்றார்.

"சும்மாதானுங்க" என்றேன்.