ஆல்டர் மாஸ்டர் போட்ட டீ

தெருவில் எல்லோருக்கும் அவர் ஆல்டர் மாஸ்டர். புதுத்துணி தைத்துக் கொடுத்து அவரை யாரும் பார்த்ததில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் இருபது வருடத் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. தொப்பை போட்டுவிட்டு பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் "உடம்பு வச்சிட்டீங்க" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "துணி சுருங்கிடுச்சு சார். இப்பல்லாம் எங்க நல்ல துணி வருது?" என்பார். வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். யார் மனதும் நோகாமல் பொய் சொல்வதில் மனிதர் கில்லாடி. அந்தச் சாமர்த்தியத்தை வாசலோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாற்பதை நெருங்கும்போதுதான் பெண் குழந்தை பிறந்தது. மனைவிக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். பகலில் குழந்தை மாஸ்டர் பொறுப்பு. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மதிய இடைவேளையில் பழைய ரிஜிஸ்டர்கள் குவிந்து கிடக்கும் சாமான் அறைக்குள் போய், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, பம்பு வைத்துப் பால் எடுப்பாள். வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சின்னப் பைகளில் அடைத்து, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் அடுக்குவாள்.

"ஒரு சொட்டு வீணாச்சு, உங்களைச் சும்மா விட மாட்டேன்" என்பாள். பாதிதான் விளையாட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முந்தின நாள் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்ததால் அவளால் ஒரு பைதான் எடுக்க முடிந்திருந்தது. மாஸ்டர் அதை டம்ளரில் ஊற்றி, சூடாகட்டும் என்று வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ்காரர் கோட்டும் கையுமாக வந்து சேர்ந்தார். மறுநாள் ஆபீசுக்குப் பெரிய அதிகாரி வருகிறாராம், கோட்டுப் பொத்தான் போட முடியவில்லையாம். மாஸ்டர் வழக்கம்போலத் துணியைத் திட்டினார், டேப்பை எடுத்து அளந்தார், "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனார். வாய் முன்னறையோடு பேசிக்கொண்டே இருந்தது. கை பாட்டுக்கு அடுப்பருகே இருந்த பாலை எடுத்து டீ போட்டுவிட்டது.

இன்சூரன்ஸ்காரர் ஒரு மடக்கு உறிஞ்சினார். "பிரமாதம் மாஸ்டர்! லேசா ஒரு தித்திப்பு இருக்கே, எங்க பால் வாங்குறீங்க?"

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தேள் கொட்டினாற்போல் நின்றார்.

"பாக்கெட் பால்தான் சார்" என்று வாய் தானாகச் சொன்னது.

அந்த மனிதர் அடி வண்டல் வரை உறிஞ்சிவிட்டுத்தான் எழுந்தார்.

குழந்தை பசியில் வீல் வீலென்று கத்தியது. அவளுக்குப் போன் செய்து என்னவென்று சொல்வது? மாஸ்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முனையிலிருந்த மருந்துக்கடைக்கு ஓடினார். பால்பவுடர் டின் ஒன்று வாங்கிவந்து, அதில் போட்டிருந்தபடியே வெந்நீரில் கலக்கி, பாட்டிலில் கொடுத்தார். குழந்தை மடமடவென்று குடித்தது. அப்பாடா என்று அவர் தையல் மெஷினில் உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையின் வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தது, முதுகெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பியது, குடித்த பாலெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. மாஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. மனைவிக்குப் போன் செய்து, "குழந்தைக்கு என்னவோ ஆகுது, ஓடி வா" என்றார். போனை வைத்ததும் டின்னைத் தூக்கி வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் திணித்தார். பதறுகிற நேரத்தில்கூட மனிதனுக்கு ஒளிக்கத் தெரிகிறது பாருங்கள்.

"தாய்ப்பால் மட்டும்தானே?" என்று கேட்டார் டாக்டர்.

"மட்டும்தான் டாக்டர். தண்ணிகூடக் கொடுத்ததில்ல" என்றாள் அவள், பெருமையாக.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அறையில் நர்ஸ் வேறு நின்றுகொண்டிருந்தாள். 'இவ பாலை எடுத்து ஒரு ஆளுக்கு டீ போட்டுக் கொடுத்துட்டேன்' என்று எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப நீங்க சாப்பிட்டது ஏதாவது பால் வழியா குழந்தைக்குப் போயிருக்கலாம்மா. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"மீன், முட்டை... கொஞ்சம் வேர்க்கடலை."

"மூணையும் நிறுத்திப் பாருங்க."

அவள் நிறுத்தினாள். தடிப்பு திரும்ப வரவில்லை. எப்படி வரும்? டின்தான் மூட்டைக்கு அடியில் கிடக்கிறதே. ஆனால் அவளுக்கு அது அத்தாட்சியாகிவிட்டது. "பாத்தீங்களா, எல்லாம் என் வாயால வந்த வினை" என்றாள். பயத்தில் அன்றைக்குச் சாப்பிட்டதாக நினைவுக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே ஒதுக்கினாள். கடைசியில் வெறும் சோறும் வேகவைத்த காயும் மிஞ்சின. மாஸ்டருக்கு மட்டும் தனியாக முட்டை பொரித்துக் கொடுப்பாள்.

மூன்று வாரத்தில் அவளுடைய யூனிஃபார்மை இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முதல் முறை ஓரங்குலம், அடுத்த முறை இன்னோர் அங்குலம். மெலிந்துபோன தோளில் டேப்பை வைத்தபோது மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "துவைச்சுத் துவைச்சுத் துணி தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றார். அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, "பெத்த புள்ளைக்கே விஷத்தைக் குடுத்திருக்கேன்" என்று அழுதாள். அப்படி அழுதது ஒரு முறை இரண்டு முறை அல்ல. "சேச்சே, அப்படிச் சொல்லாத" என்பார் மாஸ்டர். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். நாள் ஏற ஏறச் சொல்ல வேண்டியதும் பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் ஒருநாள் இன்சூரன்ஸ்காரர் வந்து, "அன்னைக்குப் போட்ட மாதிரி ஒரு டீ போடுங்க மாஸ்டர்" என்றபோது, அவர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கடைத்தெருவிலிருந்து வந்து பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூட்டைக்கு அடியில் கிடக்கிறதே, அதே கம்பெனி டின்.

"பால் வத்திப் போச்சுங்க. நேத்து பம்புல பாதிப் பைகூட வரல. இனிமே இதுதான்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

"கேட்டாச்சு. கொடுக்கலாம்னுட்டார். இதுல மீனா இருக்கு, முட்டையா இருக்கு?"

வெந்நீரை ஊற்றினாள், கரண்டியால் அளந்து போட்டாள், குலுக்கினாள். குழந்தையை மடியில் போட்டுப் பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள். குழந்தை ஆசையாக இரண்டு கையையும் நீட்டியது. கைவசம் வேறு பொய் எதுவும் இல்லை. மாஸ்டர் பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினார்.

"வேணாம்! இதைக் குடிச்சுத்தான் அன்னைக்கு அப்படி ஆச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கோட்டு, டீ, டின், மூட்டை, ஒன்றுவிடாமல். டீ இடத்துக்கு வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது. அவள் சிரிப்பாள் என்றோ அடிப்பாள் என்றோ எதிர்பார்த்தார். அவள் போனை எடுத்து டாக்டர் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் டாக்டர் கடிந்துகொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டாமா? பால்பவுடர் அலர்ஜியா இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாது. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்த டின்னைத் தொடாதீங்க. அம்மா பசிக்கிறப்பல்லாம் பால் கொடுக்கட்டும், கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும். அவங்க எப்பவும் போல எல்லாம் சாப்பிடலாம்."

கேட்டதை அப்படியே அவளிடம் ஒப்பித்தார். அவள் சுவரோரமாக உட்கார்ந்து குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை கிடைத்ததை விடாமல் சப்பிக் குடித்தது. நிமிராமலே கேட்டாள்.

"விஷம் விஷம்னு சொல்லி நான் அழுதேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றார் மாஸ்டர்.