எலுமிச்சம்பழம் குத்திய கத்தி

கண்ணுக்குத் தெரியும்படி கையில் கத்தி பிடித்து வருபவனால் ஊருக்கு ஆபத்தா, இடுப்பில் செருகிச் சட்டையால் மூடிக்கொண்டு வருபவனாலா? சட்டம் எழுதுகிறவர்கள் இதை எப்போதாவது தங்களுக்குள் கேட்டுக்கொண்டதுண்டா என்று எனக்குத் தெரியாது. அறுபதுகளின் நடுவில் ஒரு காலைப் பொழுதில், வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், என் அண்ணனின் கல்யாணப் பயணத்தை நிறுத்தி, அந்தக் கேள்வியை என் தலையில் போட்டார்கள். அன்று மூண்ட கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

கடலூர் முதுநகருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் அண்ணன். அவன் கடலுக்குப் போனதால்தான் நான் சிதம்பரத்தில் தங்கி பி.ஏ. முடித்தேன். அவனுக்குக் கிள்ளைப் பக்கம் பெண் முடிவானது. அம்மாவின் வேண்டுதல்படி தாலி கட்டுவது சிதம்பரத்தில், தில்லைக்காளியம்மன் சந்நிதியில் என்று ஏற்பாடு.

எங்கள் குப்பத்தில் மாப்பிள்ளைக்குக் காப்பு கட்டியதும் கையில் ஒரு கத்தியைக் கொடுப்பார்கள். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். தாலி கட்டும் வரை அந்த இரும்பு அவன் கையை விட்டு நீங்கக் கூடாது. சாப்பிடும்போது இடக்கையில், தூங்கும்போது தலைமாட்டில் கை படும் இடத்தில் இருக்க வேண்டும். கத்தி என்றால் தனியாக வாங்கியது அல்ல. கடலில் கயிறு காலைச் சுற்றினால் அறுத்துவிட அவன் அன்றாடம் இடுப்பில் கட்டிப்போகும் அதே சாண் நீளக் கத்திதான். அப்பா தம் கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தியில் உட்கார்ந்தபோது கத்தியை இலைக்குப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டாராம். அவர் கடலில் போனது அதனால்தான் என்று அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையோடு அவள் எத்தனை இரவுகள் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை அறிந்தவன் நான்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இரண்டு கள்ளச்சாராயக் கோஷ்டிகள் மோதிக்கொண்டன. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெற்றிலை வியாபாரி குத்துப்பட்டு இறந்தார். மாணவனாக இருந்த காலத்தில் என் புத்தகக் கட்டை அவர் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவேன். அவரைக் குத்திய கத்தி ஒருவன் இடுப்பில் மறைந்திருந்தவரை அதை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் பார்த்தார்கள். பொது இடத்தில் யாரும் ஆயுதம் எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது. அது சரியான உத்தரவு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஒருவன் தன் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை, இன்னொருவன் உயிரோடு வெற்றிலை விற்கும் உரிமையைவிடப் பெரியதல்ல.

புறப்படும் அன்று தாய்மாமனிடம் அந்த உத்தரவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மருமவனே, மாப்பிள கத்தியப் பாத்து எலுமிச்சம்பழந்தான் பயப்படணும். ஒளிச்சு வச்சாதான் தப்பு. நல்லாத் தெரியறாப்புல புடிச்சிக்கிட்டு வரச் சொல்லு. பாக்கறவனுக்கே தெரியும் கல்யாணக் கத்தின்னு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மறைப்பதற்கு ஏதும் இல்லாதவன் மறைக்க வேண்டியதில்லை என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக அண்ணன் பேருந்தின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தான். மடிமேல் கத்தி. நுனியில் பழம். சுற்றிலும் அம்மா, மாமா, எங்கள் பெண்கள், தட்டுகள், பூ.

பாலத்துக்கு முன்னால் சாலையின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். வண்டி நின்றது. ஒரு கான்ஸ்டபிளும் அவருக்குப் பின்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஏறினார்கள். அவர்கள் கண் நேராகப் போய் விழுந்தது அண்ணன் மடியில்.

"என்னாய்யா இது?"

மாமா எழுந்து கும்பிட்டார். "மாப்பிளங்க. காப்பு கட்டியிருக்குது. தாலி கட்ற வரைக்கும் இரும்பு கையில இருக்கணும்."

"பழத்தோட வச்சிருக்கான் சார், சர்பத்துக் கடைக்குப் போறான் போல" என்றார் கான்ஸ்டபிள். பேருந்தில் சிலர் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"கீழ எறங்கு. அதக் குடு இங்க."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. "எறங்கறேங்க" என்றான் அண்ணன். "இத மட்டும் குடுக்க முடியாதுங்க."

எங்கள் வீட்டார் எல்லோரும் இறங்கினோம். நான் முன்னால் போய், படித்தவன் பேசினால் கேட்பார்கள் என்ற நினைப்பில், நிதானமாகச் சொன்னேன்: கத்தியைத் துணியால் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுங்கள், பிடி மட்டும் அவன் கையில் இருக்கட்டும், ஒரு கான்ஸ்டபிளை எங்களோடு கோயில் வரை அனுப்புங்கள், தாலி கட்டி முடிந்ததும் அவரே கத்தியை எடுத்துவரட்டும். உத்தரவும் நிற்கும், கல்யாணமும் நடக்கும்.

"நீ என்னா படிச்சிருக்க?"

"பி.ஏ."

"பி.ஏ.க்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்படியானால் எல்லாரையும் சோதித்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் இடுப்பில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?"

"எனக்கு நீ பாடம் நடத்தாத. வண்டி லேட்டாவுது. ஏய் கண்டக்டர், போலாம்."

மூங்கிலருகே நின்ற இன்னொரு கான்ஸ்டபிள் அதைத் தூக்கினார். பேருந்து நகரும்போது பின் இருக்கையின் ஜன்னல் ஓரத்தில், வெற்றிலைச் சிவப்பேறிய வாயோடு இருந்த ஒருவன் வெளியே தலையை நீட்டினான். என்னைப் பார்த்துச் சட்டை விளிம்பை விரல் அகலம் தூக்கிக் காட்டினான். சூரிக்கத்தியின் பிடி தெரிந்தது.

"ஒங்க மாப்பிளைக்குப் பொழைக்கத் தெரியல தம்பி. வெளிய காட்டிக்கினா வருவாங்க?"

"சார், அதோ, அந்த ஆளிடம் சூரி இருக்கிறது" என்று கத்தினேன். பேருந்து பாலத்தில் ஏறிவிட்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "வண்டிதான் போயிட்டுதே" என்றார். அவ்வளவுதான். சிதம்பரத்துக்கு, அந்த வெற்றிலை வியாபாரி செத்துக் கிடந்த அதே பேருந்து நிலையத்துக்கு, அந்தச் சூரி போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் குத்திய கத்தியிடமிருந்து ஊரைக் காப்பாற்ற மூன்று பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

பிறகு நடந்தது சில நொடிகளில் முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, பேருந்தில் கிண்டல் செய்த கான்ஸ்டபிள் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை இழுத்தார். அண்ணன் விடவில்லை. கடலில் கயிறு பிடித்த கை அது. பழம் தெறித்துச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. கான்ஸ்டபிளின் உள்ளங்கையில் கோடாக ரத்தம் கண்டது. அதைப் பார்த்ததும் அண்ணன் தானாகவே விரல்களைத் திறந்துவிட்டான். கத்தி தாரில் விழுந்த சத்தத்துக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"போலீஸ்காரனக் குத்துறியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அதுவரை தடையை மீறிய குற்றம். அந்த நொடி முதல் கொலை முயற்சி.

முகூர்த்தம் காவல் நிலைய வாசலில் கழிந்தது. மாமா மட்டும் வேறு வண்டி பிடித்துச் சிதம்பரம் போய், கோயிலில் மாலையோடு காத்திருந்த பெண் வீட்டாரிடம் செய்தி சொன்னார். பெண்ணின் தகப்பனார் காவல் நிலையத்துக்கே வந்துவிட்டார். கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கம்பிக்கு அப்பாலிருந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "எப்ப வர்றீங்களோ அப்ப வாங்க மாப்பிள. பொண்ணு காப்ப அவுக்க மாட்டேங்குது."

அண்ணனைச் சிறையில் வைத்தார்கள். நானும் மாமாவும் வக்கீலைத் தேடி நடந்தோம். கடைசியில் அவனை வெளியே கொண்டுவந்தது வக்கீலும் அல்ல, என் படிப்பும் அல்ல. கையில் காயம் பட்ட அந்தக் கான்ஸ்டபிள், தம் மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார்: "அவரு குத்தலீங்க. நான் இழுத்ததுலதான் பட்டுது." தடையை மீறியதற்கு எச்சரித்து அனுப்பினார்கள்.

இதில் நான் சட்டத்தைத் திட்டவில்லை. பேருந்து நிலையத்தில் கத்தி கூடாது என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. சட்டத்தின் பெயரால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பிடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று மூங்கிலைத் தூக்கியவர்கள்மேல்தான் என் கோபம். தேடுவது கடினம், காட்டிக்கொண்டு வருகிறவனைப் பிடிப்பது சுலபம். சுலபமானதைச் செய்துவிட்டு அதற்குப் பொதுப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள். அதன் விலையை ஒளிக்கத் தெரியாத ஒருவன் கொடுத்தான்.

அடுத்த முகூர்த்தத்தில் அதே சந்நிதியில் அண்ணன் தாலி கட்டினான். கத்தி திரும்பக் கிடைக்கவில்லை, வேறொன்றைப் பிடித்திருந்தான். ஆனால் முதல் கத்தி கையை விட்டு விழுந்ததை அம்மா கண்ணால் பார்த்திருந்தாள். கல்யாணமான மறுநாள் கட்டுமரத்தருகே போன அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கப்பாவும் இப்பிடித்தாண்டா போனாரு." அண்ணன் குனிந்து அவள் கைகளை எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

அவன் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். எங்கள் குப்பத்தில் இன்றும் மாப்பிள்ளைக்குக் காப்பு கட்டிக் கத்தி கொடுக்கிறார்கள். எலுமிச்சம்பழம் குத்துவதில்லை. வீட்டை விட்டுப் புறப்படும்போது அதை வேட்டிக்குள் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்.