புது விமானத்தில் பூசிய அழுக்கு

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அண்ணனின் வலது கை விரல்களைத்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாக இதுதான் வழக்கம். ஒரு விரலாவது நேற்றைக்கு இருந்த இடத்திலிருந்து அசைந்திருந்தால் எனக்குக் காபி இறங்கும். இல்லாவிட்டால் இறங்காது. இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. வீட்டில் யாராவது இரண்டு தரம் தும்மினால், ஆஸ்பத்திரி எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று யோசிக்கிற ஆள்.

அவருக்குக் கால் தேறிவிட்டது. பேச்சும் ஒரு சொல், இரண்டு சொல்லாகத் திரும்பிவிட்டது. கைதான் வரவில்லை. பென்னாகரத்திலிருந்து வருகிற பிசியோதெரபிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நான் சொல்லி அவரு செய்யறதுல பிரயோஜனம் இல்லீங்க. எதையாவது புடிக்கணும்னு அவருக்கா தோணணும். நாள் தள்ளிக்கிட்டே போனா அப்புறம் கஷ்டங்க.”

அந்த ‘அப்புறம்’ வர இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று நான் காலண்டரைப் பார்த்தேன். அவள் கொடுத்த ரப்பர் பந்தை அண்ணன் இடது கையால் வாங்கி ஜன்னல் வழியாக எறிந்திருந்தார். சாப்பாடு, சட்டைப் பொத்தான், டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் இடது கையே போதும் என்று ஆகிவிட்டது.

அண்ணன் விமானப்படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். எங்கள் ஊர் ஏரியூரில் அவரை ‘ப்ளேன் ஓட்டறவரு’ என்றுதான் சொல்வார்கள். அவரும் பெரிதாக மறுத்ததில்லை. அவர் பராமரித்த அதே மிக் ரகப் போர் விமானத்தின் மாடல் கிட் ஒன்று ஆன்லைனில் கண்ணில் பட்டதும் வரவழைத்தேன். நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஒட்டி முடித்தால் ஒரு முழத்துக்கு மேல் நீளம் வரும். பெட்டியைப் பிரித்துக் கட்டிலில் பரப்பினேன். அண்ணன் இறக்கைத் துண்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, நானே செய்கிறேன், முழு விமானமாகக் கண்ணெதிரே வைத்தால் கை நீட்டாமலா போய்விடுவார் என்று தோன்றியது. ஆயுத பூஜையன்று கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னிடம் வேறு வித்தை கிடையாது. இந்த நினைப்போடுதான் ஒவ்வொரு துண்டையும் ஒட்டினேன்.

ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் எனக்குச் சிரமமில்லை. கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற பட்டறை என்னுடையது. தொப்பூர் கணவாயில் நசுங்கி வருகிற வண்டிகளை நேற்று வாங்கியவை மாதிரி ஆக்கித்தான் சோறு தின்கிறேன். அதுவே இப்போது வினையாகிவிட்டது. வெள்ளி நிறத்தில் அத்தனை சுத்தமாக அடித்ததில் விமானம் வெறும் பொம்மையாகத் தெரிந்தது. பறந்து இறங்கியதாகத் தெரிய வேண்டுமென்றால் புகை படிய வேண்டும், எண்ணெய் ஒழுக வேண்டும், பெயிண்ட் உதிர வேண்டும். வாழ்நாளெல்லாம் கீறலை மறைத்தவன், கீறல் போட உட்கார்ந்தேன்.

“என்னங்க, நீங்களே இடிச்சு நீங்களே சரி பண்ணிக்கறீங்களா?” என்று பட்டறைக்கு வந்த ஒரு டிரைவர் கிண்டலடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதிரிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. விமானத்துக்குப் பக்கத்தில் அண்ணன் சீருடையோடு, கையில் ஒரு துணியோடு நிற்கிறார். அதை செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு கறையையும் அதே இடத்தில் வைத்தேன். ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் ஒழுகவிட்டேன். வயிற்றுப் பக்கத்துப் பீரங்கி வாய்க்குப் பின்னால் கரித்தூளை விரலால் தேய்த்துப் புகை படியவைத்தேன். வயிறு போட்டோவில் தெரியாது. அதனால் அந்த ஒரு புகைக்கே நாலு நாள் ஆனது. அண்ணன் பார்த்துவிட்டு இது என் ப்ளேன் இல்லை என்று ஒதுக்கிவிடுவாரோ என்று பயந்து துடைப்பேன், மறுபடி தேய்ப்பேன். கடைசியில் அது சரியாக வந்தபோது, என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுவாகிவிட்டது.

மேலே வார்னிஷ் அடித்தால்தான் இதெல்லாம் நிற்கும். ஆனால் ஒரு வாரமாக மழை. ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். முன்னறை மேசையில் விமானத்தை வேட்டியால் மூடி வைத்து, “யாரும் தொடாதீங்க, தொட்டா கையோட வந்துடும்” என்று அண்ணியிடம் தினமும் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் வெயில் அடித்தது. பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். வாசலிலேயே டர்பன்டைன் வாசனை. அருவாள், மண்வெட்டி, மிக்ஸி, மொபெட் எல்லாம் பூஜைக்காகப் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தன. முன்னறை ஈரமாக இருந்தது. மேசை காலி.

“அண்ணி, ப்ளேன் எங்க?”

“வூடு கழுவறதுக்காக அண்ணன் ரூம்ல வெச்சேங்க தம்பி.”

வாசலில் வந்த டர்பன்டைன் வாசனை அப்போதுதான் உறைத்தது. “யாரு தொடச்சது? படிச்சுப் படிச்சு சொன்னேனே!” நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

“நான் தொடைக்கலீங்க. நாளைக்கு பொட்டு வெக்கற சாமான் இவ்ளோ அழுக்கா இருக்குதேன்னு வாய் தவறி சொல்லிட்டேன். அவருதான் துணி கேட்டாரு. அந்த பாட்டிலையும் கேட்டாரு. சத்தம் போடாம உள்ள போய்ப் பாருங்க.”

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் விமானம். இறக்கைகளில் மூன்று வாரத்து வேலை போய், வெறும் வெள்ளி மின்னியது. அதன் பிறகுதான் கையைப் பார்த்தேன். விமானம் வழுக்காமல் இருக்க இடது கை அதன் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. அதனால் துணி வலது கையில் இருந்தது. கட்டை விரலும் இரண்டு விரல்களும் துணியைக் கவ்விக்கொண்டு ஒரு அங்குலம் நகர்ந்தன, நின்றன, இன்னொரு அங்குலம் நகர்ந்தன. விரல் நுனியெல்லாம் கரி.

போட்டோவில் கறைகளை எல்லாம் பார்த்த நான் அந்தத் துணியைக் கவனிக்கவே இல்லை. அந்தத் துணியால் அவர் துடைக்கப் போகிற அழுக்கைத்தான் அத்தனை பாடுபட்டுப் பூசியிருக்கிறேன்.

“இப்படியா... வெப்பாங்க?” என்றார் அண்ணன். நல்ல கோபம். எட்டு மாதத்தில் அவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

“திருப்பு” என்றார்.

கவிழ்த்து மடியில் வைத்தேன். வயிற்றுப் புகை மேலே வந்தது. நான் பிடித்துக்கொண்டால் அவருடைய இடது கை சும்மா ஆகிவிடும், துணி அதற்கு மாறிவிடும். சட்டென்று என் கைகளை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். விமானம் சரிந்தது. அண்ணன் இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, வலது கையால் துடைக்க ஆரம்பித்தார்.