மூச்சைப் பிடித்தால் கேட்கும்

நம்பினால் நம்புங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. மீன் விற்கத்தான் தெரியும். பெயர் ரங்கம்மாள், ஊர் பசியாவரம். விறகடுப்புப் புகை தின்று கெட்டுப்போன நுரையீரல் என்னுடையது. என் வீட்டுக்காரர் கண்ணப்பனுக்கும் இதே வியாதி. போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்தது நான்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் கட்டவில்லை. படகேறிப் பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு ஈசிஜி எடுக்கப் போனேன்.

உச்சி வேளை. கரண்ட் இல்லை. மெஷின் பேட்டரியில் ஓடியது. ஃபேன் நின்றுபோய் அறையே கப்சிப். ஈசிஜி எடுக்கிற அனிதா என் கை, கால், நெஞ்சில் எல்லாம் ஒயரை மாட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் மூச்ச புடிச்சிக்கோங்க."

பிடித்தேன்.

ஈ...ங்... ஈ...ங்...

"இன்னாக்கா, மூச்சு வுடாதீங்கன்னு சொன்னேன்ல?"

நான் விடவில்லை. வாயையும் மூக்கையும் பொத்திக் காட்டினேன்.

ஈ...ங்... ஈ...ங்...

அனிதா சுவரோரம் நகர்ந்தாள்.

சத்தம் என் தலைமாட்டில்...

அதே இழுப்பு. கண்ணப்பன் கடைசியாக இழுத்த இழுப்பு.

பயந்தேன். ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது.

"யோவ்! முப்பது வருசம் உன்னோட மாரடிச்சேன், போதும். நான் வரமாட்டேன். போய்யா!"

நின்றது.

டாக்டர் இளங்கோவன் காகிதத்தைப் பார்த்தார். என் துடிப்புகளுக்கு நடுவே, கூம்பு கூம்பாக வேறொரு துடிப்பு.

"நுரையீரல் கெட்டா கோடு இப்படிக் கோணலா வரும்மா" என்றவர், காகிதத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். கண்ணப்பனின் கடைசி ஈசிஜியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அவரு துடிப்பு வேற, உன்னுது வேற. ஆனா நடுவுல வர்றது... ரெண்டுலயும் ஒண்ணேதான். அன்னிக்கு நான் இத வியாதின்னு வுட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தலைமாட்டில் நின்றது கண்ணப்பன் இல்லை. அவர் தலைமாட்டிலும் அதுதான் நின்று இழுத்திருக்கிறது. பாவம், மனுஷனை வீணாகத் திட்டிவிட்டேன்.

அவர் சாது. எதிர்த்துப் பேசத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் வீட்டில் அவ்வப்போது மூச்சைப் பிடித்துக் கேட்கிறேன். சத்தம் வந்தால் திட்டுவேன்.

இதுவரை இரண்டு தடவை திட்டியிருக்கிறேன்.