வளைகாப்புக்குப் போகும் கட்டுசாதம்

சென்னீர்குப்பத்தில் பிக்கப் வேன் நின்றுவிடுகிறது. கியர் விழவில்லை, டேஷ்போர்டில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறது. வழியில் என்னை ஏற்றிக்கொண்ட டிரைவர் தாமு, மகளின் வளைகாப்புக்குக் கட்டுசாதம் எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போகிறார்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் எழுந்து வருகிறார்.

“பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே ஆயிலு, அண்ணாத்தே. அது ஒழுகிகினு கீது. அதான் கியரும் உழல, லைட்டும் எரியுது. ஓட்னா பிரேக்கு புடிக்காது. சரி பண்ண சாய்ங்காலம் ஆவும்.”

தாமு வண்டியின் பின்னால் இருக்கும் சாத அண்டாக்களையே பார்க்கிறார். “பொண்ணு வாசலையே பாத்துகினு இருக்கும்பா.”

மெக்கானிக் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூவருமாக அண்டாக்களை மாற்றுகிறோம். மெக்கானிக் ஆட்டோ சாவியைத் தாமுவின் கையில் வைக்கிறார்.

“உனுக்கு வண்டி வேணாவா நைனா?”

“மொதல்ல புள்ள சாப்புடட்டும் அண்ணாத்தே. அப்பால கொண்டாந்து குடு.”